நீ சொன்ன அதே ஆயில்

அந்த டப்பாவக் கீழ வைங்க தம்பி. வைங்கன்னா வைங்க. கடைக்காரர் மேல சாப்பிடப் போயிருக்கறாரு, வந்தா நான் சொல்லிக்கறேன். வெளிய நிக்கற புல்லட்டு உங்களுதுங்களா? பாத்தேன். எந்த வருஷத்து வண்டி? அறுபத்தெட்டா? நல்ல வண்டிங்க, இரும்பு இஞ்சின். அதுக்குப் போய் இந்தத் தங்கக் கலர் ஆயில் டப்பாவத் தூக்கிட்டு நிக்கறீங்களே, யாரு சொன்னா உங்களுக்கு? போன்ல பாத்தீங்களா. அதான பாத்தேன்.

உங்க மேல எனக்குக் கோவமில்லைங்க. குரலே அப்படித்தான். மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருந்தவன், அந்தச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தியே பழகிப்போச்சு. கணபதியில சென்னியப்பன் கடைன்னு கேட்டுப் பாருங்க, யாரும் சொல்லுவாங்க. என்ர கோவமெல்லாம் ஒரே ஒருத்தன் மேலதான். நாச்சிமுத்துன்னு பேரு. காலேஜ்ல கெமிஸ்ட்ரி வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். வயசுப் பசங்களா இருந்த காலத்துல இருந்து சிநேகிதன். இப்பச் சம்பந்தி. என்ர பையனுக்குப் பொண்ணு குடுத்திருக்கறான். அவன் சொன்ன ஆயிலாலதான் என்ர வண்டி போச்சுங்க. அதக் கேளுங்க மொதல்ல, அப்பறம் டப்பாவ எடுக்கலாம்.

என்ர வண்டி உங்க வண்டிக்கும் மூத்தது. அம்பத்தொம்பது. வால்பாறை எஸ்டேட்ல இருந்த ஒரு டாக்டர்கிட்ட வாங்குனது, எனக்குக் கல்யாணம் ஆன வருஷம். அன்னையில இருந்து ஒரே ஆயில்தான். நாப்பதாம் நம்பர்னு கேட்டா பேரல்ல இருந்து புடிச்சுக் குடுப்பாங்க. தேனாட்ட எறங்கும். கறுத்துப்போச்சுன்னா வடிச்சுட்டு மறுபடியும் அதையே ஊத்துவேன். அவ்வளவுதான். இஞ்சினுக்குள்ள கை வெச்சதே கெடையாது. "என்ர வண்டி இஞ்சினுக்கு ஸ்பானரே பட்டதில்லை"ன்னு ஊரெல்லாம் சொல்லுவேன். பொய் இல்லைங்க, நெசம். வாங்குனப்ப எப்படி மூடியிருந்துச்சோ அப்படியேதான் இருந்துச்சு.

இந்த நாச்சிமுத்துகிட்ட இருந்தது ஜாவா. தெரியுமில்லைங்க, டுர்ர்ர்னு புகைய விட்டுட்டுப் போகுமே, அது. அந்த வண்டியில இஞ்சின் ஆயில்னு தனியாவே கெடையாதுங்க. பெட்ரோல்ல கலந்து ஊத்தறதுதான். நல்லாக் கேட்டுக்கங்க. இஞ்சின் ஆயிலே இல்லாத வண்டி வெச்சிருக்கறவன், எனக்கு இஞ்சின் ஆயில் பாடம் நடத்துவான். ஞாயித்துக்கிழமை ஆனா ஆவாரம்பாளையம் பேக்கரியில உக்காந்து நடத்துவான். டீ, தேங்காய் பன்னு, ஆயில். "டேய் மாப்ள, உன்ர ஆயில் கிழவனாட்ட. காலையில குளுருல எந்திரிக்கவே எந்திரிக்காது. அது எந்திரிச்சு மேல போறதுக்குள்ள உன்ர வண்டி காஞ்சு கெடக்கும்"பான். "போடா சாக்பீஸு, நீ உன்ர புகைக்கூண்டப் பாரு"ம்பேன். பக்கத்து டேபிள்காரங்க எந்திரிச்சு ஓடற அளவுக்குக் கத்துவோம். ஒரு தடவை பேக்கரிக்காரர் வந்து, "உங்களுக்குள்ள சொத்துத் தகராறுங்களா?"ன்னு கேட்டாரு. "ஆயில் தகராறுங்க"ன்னு நாச்சிமுத்து சொன்னான். அவரு சிரிச்சுட்டு இன்னும் ரெண்டு டீ போட்டுக் குடுத்தாரு.

இந்தச் சத்தத்துக்கு நடுவுல என்ர பையன் தரணீசும் அவன்ர பொண்ணு மோகனாவும் எப்படிப் பேசிக்கிட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. ஒருநா ரெண்டும் வந்து முன்னால நின்னுச்சுங்க. எங்களுக்கென்ன, சந்தோசம். சொந்தத்துலயே தேடுனாலும் இப்படி அமையுமா? தையில உப்புச்சக்கரை மாத்திட்டோம். எங்க பக்கம் நிச்சயத்த அப்படித்தான் சொல்றது. வைகாசியில கல்யாணம். தட்டு மாத்தறப்பச் சொந்தக்காரங்க எல்லாம், "இனிமே சம்பந்தின்னு கூப்பிடோணும், வாங்க போங்கன்னு பேசோணும்"ன்னாங்க. நாச்சிமுத்து என்ன சொன்னான் தெரியுங்களா? "சம்பந்தியாவது மண்ணாங்கட்டியாவது. இவன் எனக்கு மாப்ளதான், சாகற வரைக்கும் வாடா போடாதான்"னான். சபையில சொன்னானுங்க. நாலு பேரு கேக்கச் சொன்னான்.

அந்தத் தையிலதான் நாப்பதாம் நம்பர் நின்னுபோச்சு. இதே கடைதாங்க. "யாரும் வாங்கறதில்லைங்க, பேரலைத் திருப்பி அனுப்பிட்டேன்"னு கடைக்காரர் சொல்லிட்டாரு. உக்கடம் போனேன், பொள்ளாச்சி போனேன், எங்கயும் இல்லை. எனக்குக் கையொடிஞ்ச மாதிரி ஆயிப்போச்சு. வேற வழியில்லாமத்தான் அவன்கிட்ட வாயத் தொறந்து கேட்டேன். ஆயில் விஷயத்துல நான் அவன்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான். அதுவே எனக்கு எவ்வளவு எறக்கம்னு நெனச்சுப் பாருங்க.

அவன் பன்னக் கீழ வெச்சான். வாத்தியார் மூஞ்சி வந்துருச்சு.

"மாப்ள, இருவது அம்பதுன்னு ஒண்ணு விக்கறான். அது ஊத்து. குளுருல எளகலா இருக்கும், சூட்டுல கெட்டியா நிக்கும். ஆனா நல்லாக் கேளு. அந்த ஆயில்ல அழுக்கக் கழுவற மருந்து இருக்குது. உன்ர பழைய ஆயில்ல அது கெடையாது. இத்தனை வருஷத்து மண்டியெல்லாம் உன்ர இஞ்சினுக்கு அடியில படிஞ்சு கெடக்கும். புது ஆயில் போனா அத்தனையும் கெளம்பி மேல வந்து ஓட்டைய அடைச்சுப்போடும். அதனால மொதல்ல இஞ்சினத் தொறந்து கழுவு. கழுவிட்டு ஊத்து. கழுவ மாட்டேன்னா இதத் தொடவே தொடாதே."

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. ஆயில் கேட்டா ஆயிலச் சொல்லோணும். என்ர வண்டிக்குள்ள அழுக்கு இருக்குதுன்னு இவன் எப்படிச் சொல்லலாம்? பாத்தானா? ஒருத்தர் வூட்டுக்கு வந்து, உங்க வூட்டு சமையக்கட்டத் தொறந்து காட்டுங்க, அழுக்கா இருக்கும்னு சொன்னா விடுவீங்களா நீங்க? தினமும் தொடைக்கற வண்டிங்க அது. டேங்க்ல மூஞ்சி பாத்துத் தலை சீவலாம்.

ஆனா ஆயில் வேணுமே. வாங்கிட்டு வந்தேன். அவன் சொன்ன அதே இருவது அம்பது. பழசை வடிச்சேன், புதுச ஊத்துனேன். என்ர சம்சாரம் மரகதம் காப்பியோட வந்து நின்னா. "ஏனுங்க, அண்ணன் கழுவிட்டு ஊத்தச் சொன்னாருன்னு சொன்னீங்களே"ன்னா. நான்தான் வந்து பொலம்பியிருக்கறேன், அத ஞாபகம் வெச்சிருக்கறா. "உனக்கென்ன தெரியும், போய் வேலையப் பாரு"ன்னு அனுப்பிட்டேன். கழுவறதுன்னா என்னங்க அர்த்தம்? இஞ்சினப் பிரிக்கோணும். பிரிச்சா ஊரெல்லாம் என்ன பேசும்? சென்னியப்பன் வண்டியும் பட்டறைக்குப் போயிருச்சுன்னு பேசும். இத்தனை வருஷம் சொன்ன சொல்லு என்னாகறது?

சொல்லோணுமில்லைங்க, வண்டி பூனையாட்ட ஓடுச்சு. ஒரே மிதி, ஸ்டார்ட்டு. சத்தமே வேற. மாசி முழுக்கத் துடியலூரு, பெரியநாயக்கன்பாளையம்னு சும்மாச் சும்மாப் போயிட்டு வந்தேன். நல்லா இருக்குதுன்னு நாச்சிமுத்துகிட்டச் சொல்லலை. சொன்னா ஏறிக்குவான். "எப்படிடா இருக்குது?"ன்னு கேட்டான். "இருக்குது, இருக்குது"ன்னேன்.

பங்குனியில நாங்க பழைய வண்டிக்காரங்க நாலஞ்சு பேரு வால்பாறை மலைக்குப் போறது வழக்கம். அந்த வருஷம் தரணீசும் மோகனாவும் கார்ல பின்னாலயே வந்துச்சுங்க, இட்டிலி, சட்னி, தண்ணி எல்லாம் கட்டி எடுத்துக்கிட்டு. ஆழியாறு அடிவாரத்துல சாப்பிட்டோம். அணைத் தண்ணி மேல காத்து வருது, வெயில் ஏறல. அந்தப் புள்ள எனக்கு மொதல்ல வெச்சுட்டுத்தான் அவங்கப்பனுக்கு வெச்சுது. மனசு நெறஞ்சுபோச்சுங்க. என்ர வண்டிச் சாவிய நான் யாருக்கும் குடுத்ததில்லை. பெத்த பையனுக்கே குடுத்ததில்லை. நாச்சிமுத்து ஆசையாப் பாப்பான், கேக்க மாட்டான். அன்னைக்கு நானா எடுத்து நீட்டுனேன். "இந்தா மாப்ள. மலை ஏத்தம் முழுக்க நீ ஓட்டு. நான் உன்ர புகைக்கூண்ட ஓட்டிட்டு வாறேன்"னேன்.

அவன் கண்ணு கலங்கிருச்சுங்க. நெசமாச் சொல்றேன். சாவிய வாங்கி உள்ளங்கையில வெச்சுப் பாத்தான். அப்பறம் உக்காந்து, ஸ்டேண்ட எடுக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டான்.

"ஆயில் மாத்திட்டயில்லடா?"

"மாத்திட்டேன்."

"நான் சொன்னதா?"

"நீ சொன்ன அதே ஆயில்."

சிரிச்சான். தலைய ஆட்டிட்டுக் கெளம்பிட்டான்.

இதுல பொய் எங்கங்க இருக்குது? நீங்களே சொல்லுங்க. அவன் கேட்டது ஆயிலப் பத்தி. நான் சொன்னது ஆயிலப் பத்தி. கழுவுனயான்னு கேட்டானா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கேக்கலை. படிச்ச மனுசன், முழுசாக் கேக்கத் தெரிய வேண்டாமா?

நாலஞ்சு வளைவு ஏறியிருப்போம். நான் அவனுக்குப் பின்னால. முன்னால என்ர வண்டி போறதப் பாத்துட்டே போறேன். அதுவரைக்கும் நான் என்ர வண்டிய ஓட்டித்தான் பாத்திருக்கறேன், இன்னொருத்தன் ஓட்டிப் போறதப் பாத்ததில்லை. அழகா இருந்துச்சு. அடுத்த கொண்டை ஊசியில திரும்பறான், சத்தம் மாறுச்சு. கர்ருன்னு ஒரு இழுப்பு. அவ்வளவுதான். இஞ்சின் புடிச்சுக்கிச்சு. பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. வண்டி ரோட்டத் தேய்ச்சுட்டுச் சாஞ்சுது, இவன் அடியில. நல்லவேளை மலைப்பக்கம் விழுந்தான். அந்தப் பக்கம்னா பள்ளம்.

ஓடுனேன். நான்தாங்க மொதல்ல ஓடுனேன். வண்டியத் தூக்குனதும் நான்தான். அது என்ன எடை தெரியுமில்லைங்க உங்களுக்கு. ஒத்தை ஆளாத் தூக்குனேன். அவன் கால் வெளிய வந்துச்சு. கால் இருக்க வேண்டிய மாதிரி இல்லை. தரணீசும் அந்தப் புள்ளையும் கார நிறுத்திட்டு ஓடி வந்தாங்க. அந்தப் புள்ள அப்பன் தலையத் தூக்கி மடியில வெச்சுக்கிச்சு. நான் வண்டியத்தான் புடிச்சுட்டு நின்னேன். விட்டா மறுபடியும் சாஞ்சிருமில்ல? இஞ்சினத் தொட்டேன், கை வெந்துபோச்சு. கிக்கர மிதிச்சுப் பாத்தேன். கல்லாட்ட நின்னுச்சு. திருப்பியும் மிதிச்சேன். எறங்கவே இல்லை. என்னையறியாம, "ஏன்டா, என்னடா பண்ணித் தொலைச்சே?"ன்னு கத்திட்டேன்.

அந்தப் புள்ள நிமிந்து பாத்துச்சு.

 பாத்துச்சு, அவ்வளவுதான். ஏன் அப்படிப் பாக்கோணும்? நான் என்ன அவங்கப்பன மிதிச்சனா? கிக்கரத்தான மிதிச்சேன்.

பொள்ளாச்சியில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேத்தோம். தொடை எலும்பு. கம்பி வெச்சு ஆப்பரேசன் பண்ணுனாங்க. மறுநா சாயங்காலம் பாக்கப் போனேன். சொந்தக்காரங்க ரூம் நெறைய நிக்கறாங்க. அவன்ர சம்சாரம் ருக்குமணி தலைமாட்டுல உக்காந்திருக்குது. எல்லாரும் எழவு வூடாட்ட மூஞ்சிய வெச்சிருந்தாங்க. சரி, கொஞ்சம் சிரிக்க வெப்பம்னு, "மாப்ள, உன்ர கால் கூடிருமாமா, டாக்டர் சொல்லிட்டாரு. என்ர பிஸ்டன் கூடுமா? அதச் சொல்லு"ன்னேன்.

நாச்சிமுத்து சிரிச்சானுங்க! மயக்கம் தெளிஞ்சும் தெளியாம, வலியோட சிரிச்சான். அவன் சிரிச்சுட்டான், மத்தவங்களுக்கு என்ன? ருக்குமணி எந்திரிச்சு வெளிய போயிருச்சு. வெளியில மரகதத்துகிட்ட, "ஏனுங்க, உங்க வூட்டுக்குப் புள்ளையக் குடுக்கறதுக்கு எனக்கு யோசனையா இருக்குதுங்க"ன்னு சொல்லியிருக்குது. ஒரு பிஸ்டனுக்காக! அதுவும் என்ர பிஸ்டன்! நட்டம் எனக்கு, கோவம் அவங்களுக்கு. எந்த ஊரு நியாயமுங்க இது?

நான் விடலை. அவன் சொன்ன ஆயில்தான் என்ர இஞ்சினக் குடிச்சுதுன்னு ஊரெல்லாம் சொன்னேன். சொந்தக்காரங்ககிட்டச் சொன்னேன், பேக்கரியில சொன்னேன். கெமிஸ்ட்ரி வாத்தியார் சொன்ன ஆயிலப் பாருங்கன்னு சொன்னேன். அவன் கட்டில்ல படுத்துக் கெடக்கறப்பத்தான். அதுக்காக நான் வாய மூடிக்கோணுமா?

தரணீசுதான் கெடுத்தான். என்னையக் கேக்காம வண்டியக் கொண்டுபோய் ரத்தினபுரி பட்டறையில குடுத்து இஞ்சினத் தொறந்துட்டான். என்னையக் கூப்பிட்டான். போனேன். அடிப்பாத்திரத்துல கருப்பா, கெட்டியா, அல்வாவாட்ட, மெக்கானிக் கரண்டியில வழிச்சுத் தட்டுல வெச்சிருந்தான். ஆயில் மேல போற ஓட்டையில அதே அல்வா. தரணீசு அதப் பாத்துட்டு என்னையப் பாத்தான்.

"ப்பா, மாமா கழுவச் சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னான்."

"கழுவுனீங்களா?"

"இத்தனை வருஷமா அது அடியில தூங்கிட்டு இருந்துச்சுடா. ஒரு தொந்தரவு பண்ணுச்சா? நல்லா இருந்ததக் கெளப்பிவிட்டது யாரு? அவன் சொன்ன ஆயில்தான? அப்பத் தப்பு யாருது?"

தரணீசு போன எடுத்து அந்தத் தட்டப் போட்டோ புடிச்சான். நேரா நாச்சிமுத்து வூட்டுக்குப் போய், எல்லார்த்துக்கும் காட்டி, "எங்கப்பா கழுவாம ஊத்துன வண்டியத்தான் மாமாவுக்குக் குடுத்தாங்க"ன்னு சொல்லியிருக்கறான். பெத்த அப்பன! எனக்குப் பேசறதுக்கு ஒரு புள்ளை, அது எனக்கு எதிரா சாட்சி சொல்லப் போகுது.

ரெண்டு நா கழிச்சு மோகனா வந்துச்சு, தனியா. மரகதம் உள்ள கூப்பிட்டா வரலை. வாசல்லயே நின்னுச்சு.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். ஆழியாத்துல அப்பா வண்டியில உக்காந்து கேட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். கழுவலைன்னு அப்ப ஏன் சொல்லலை?"

"கழுவுனயான்னு அவன் கேக்கலையே கண்ணு."

 அழுகும்னு நெனச்சேன், இல்லைன்னாச் சண்டை போடும்னு நெனச்சேன். சண்டைக்கு நான் ரெடி, பாயின்ட்டெல்லாம் வெச்சிருந்தேன். "சரிங்க மாமா"ன்னுது. போயிருச்சு. சரிங்கன்னா என்னங்க அர்த்தம்? ஒத்துக்கிச்சா, ஒத்துக்கலையா? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

அப்பறம் கல்யாணம் நின்னுபோச்சுன்னுதான் நெனச்சோம். மரகதம் மூணு வேளையும் அழுதா. தரணீசு வூட்டுக்கு வாறதே இல்லை, ஆபீஸ் பக்கத்துல சரவணம்பட்டியில ரூம் புடிச்சுட்டான். நடத்தி வெச்சது யாரு தெரியுங்களா? நாச்சிமுத்து. நடக்க முடியாம உக்காந்துட்டு, அவன்ர சம்சாரத்தையும் புள்ளையையும் கூப்பிட்டு, "இஞ்சினுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? தரணீசு அவங்கப்பன் இல்லை. வந்து உண்மையச் சொன்ன பையன் அவன். இதுக்கு மேல என்ன மாப்பிள்ளை பாப்பீங்க?"ன்னு கேட்டிருக்கறான். மரகதம் இத வந்து எங்கிட்டப் பெருமையாச் சொல்றா! "தரணீசு அவங்கப்பன் இல்லை"ன்னா என்ன அர்த்தம்? என்னைய என்ன சொல்றான் அவன்? என்ர பையன் கல்யாணத்த இவன் பெரிய மனசு பண்ணி நடத்தி வெக்கறானாமா? எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். "நீங்க வராட்டியும் நான் போவேன்"னு மரகதம் சொல்லிட்டா. என்னோட கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து என்னைய எதுத்து அவ பேசுன மொத வார்த்தை அது. அதுவும் அந்த ஆயிலாலதான்.

வைகாசி தள்ளி ஆவணியில வெச்சாங்க. போனேன். ஊரு பேசுமேன்னு போனேன். பேரூர் பக்கம் மண்டபம். தாலி கட்டி முடிஞ்சுது. நான் ஒரு ஓரமா சேர் போட்டு உக்காந்திருந்தேன். நாச்சிமுத்து கைத்தடி ஊனிட்டு, ஒரு காலு சித்த இழுக்க, அத்தனை கூட்டத்தையும் விலக்கிட்டு எங்கிட்ட வந்தான். ஒரு சேர இழுத்துப் போட்டு உக்காந்தான்.  சரி, இப்பப் புடிச்சுக்குவான், நாலு பேரு முன்னால கேப்பான், கேக்கட்டும், நானும் விடறதில்லைன்னு இருக்கறேன்.

"இஞ்சினத் தொறந்தாச்சாமா?"ன்னான்.

"தொறந்தாச்சு."

"உள்ள எப்படி இருந்துச்சு?"

அவனுக்கு எல்லாம் தெரியும். போட்டோவே பாத்திருக்கறான். தெரிஞ்சுட்டே கேக்கறான். எனக்கு எங்க இருந்து வந்துச்சோ ஆத்தரம். "சுத்தமா இருந்துச்சு. ஆயில்தான் மோசம்"னேன். அவன் மூஞ்சியப் பாத்துச் சொன்னேன்.

அவன் என்னைய ஒரு நிமிசம் பாத்தான். நான் காத்துட்டு இருந்தேன். கத்துவான்னு காத்துட்டு இருந்தேன் தம்பி. "டேய் பொய் பேசாதடா, அல்வாவாட்ட இருந்துச்சாமா"ன்னு ஒரு சத்தம் போடுவான், நானும் போடுவேன், மண்டபமே திரும்பிப் பாக்கும், அப்பறம் ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடலாம்னு இருந்தேன். எங்களுக்குள்ள எப்பவும் அப்படித்தான முடியும்?

அவன் கைத்தடிய ஊனி எந்திரிச்சான்.

"அப்படிங்களா. சரிங்க. வாங்க சம்பந்தி, பந்தி போட்டாச்சு. சாப்பிடலாம் வாங்க."

வாங்க. கேட்டீங்களா? வாங்கன்னான். சம்பந்தின்னான். சபையில நாலு பேரு முன்னால வாடா போடாதான்னு சொன்ன ஆளு.

அன்னையில இருந்து அப்படியேதான். ஞாயித்துக்கிழமை பேக்கரிக்கு வாறதையும் விடலைங்க. அதுதான் கொடுமை. வரலைன்னாக்கூடக் கோவமா இருக்கறான்னு நெனச்சுக்கலாம். வாறான். கைத்தடியச் சேர்ல சாத்திட்டு உக்காருவான். "சௌக்கியங்களா? தங்கச்சி நல்லா இருக்குதுங்களா?"ம்பான். வெயில் அதிகம்பான். மோகனா போன் பண்ணுச்சும்பான். புள்ளைங்க சந்தோசமா இருக்கறாங்கம்பான். நான் ஆயில் பேச்ச எடுத்தா டீயக் குடிப்பான். பேக்கரிக்காரர் ஒருநா எங்கிட்டத் தனியா வந்து, "ஏனுங்க, அவருக்கு ஒடம்புக்கு எதாவதுங்களா, சத்தமே இல்லையே"ன்னு கேக்கறாரு. நான் என்னன்னு சொல்ல?

அவனுக்கு என் மேல கோவம் இருந்தாக் காட்டோணும். நான் செஞ்சது தப்புன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லோணும். சொன்னா நானும் பதில் சொல்லுவேன். எல்லாத்துக்கும் என்கிட்டப் பதில் இருக்குது. வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். கேக்க மாட்டேங்கறானே!

போன ஞாயித்துக்கிழமை என்னால தாங்க முடியலைங்க. வேணும்னே சொன்னேன். பேக்கரி நெறையக் கூட்டம். சத்தமாவே சொன்னேன். "நான் கண்டுபுடிச்சுட்டேன். பழைய புல்லட்டுக்கு எந்த ஆயிலும் வேண்டாம். தேங்காயெண்ணெய் ஊத்துனாப் போதும். செக்குல ஆட்டுன தேங்காயெண்ணெய். நானே ஊத்தி ஓட்டிப் பாத்தேன், பிரமாதமா ஓடுது"ன்னேன்.

பக்கத்து டேபிள்ல ஒரு பையன் டீயத் துப்பிட்டான். பேக்கரிக்காரர் கல்லாவுல இருந்து எட்டிப் பாக்கறாரு. நான் நாச்சிமுத்து மூஞ்சியவே பாத்துட்டு இருக்கறேன். அவன் உதடு ஒருக்கா அசைஞ்சுது. சத்தியமாச் சொல்றேன், அசைஞ்சுது. வந்துருச்சு, வந்துருச்சுன்னு நெனச்சேன்.

பன்னப் பிச்சு டீயில நனைச்சான். தின்னான். கையத் தொடைச்சான்.

"நீங்க சொன்னாச் சரிங்க சம்பந்தி"ன்னான்.

தேங்காயெண்ணெய்ங்க தம்பி. கெமிஸ்ட்ரி படிச்ச மனுசன். ஒரு வார்த்தை திட்டலைங்க.